கடல் தாண்டி வந்த செங்கல் வீடு

மெல்போர்ன் ஃபிட்ஸ்ராய் தோட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் எல்ம் மர வரிசையில் ஒரு நடை, மலர்க் கூடத்தில் ஒரு சுற்று, அப்புறம் ‘குக்ஸ் காட்டேஜ்’ வாசலில் ஒரு படம் என்று முடித்துக்கொள்கிறார்கள். நான் அந்த வீட்டைப் பார்க்கவே போனேன். பழைய கட்டடம் என்றால் கிட்டப் போய்ச் சுவரைப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. இந்த ஊர் உருவானது 1835-ல். வீடு கட்டப்பட்டதோ 1755-ல். ஊரைவிட 80 வயது மூத்த வீடு ஊரின் நடுவே நிற்கிறது என்பதே போதும், நேரம் ஒதுக்கிப் பார்க்க.

முதலில் வாசல் நிலைக்கு மேலே இருக்கும் கல்லைப் பாருங்கள். ஜே, ஜி, சி என்று மூன்று ஆங்கில எழுத்துகள், கூடவே 1755. ஜே என்பது ஜேம்ஸ், ஜி என்பது கிரேஸ், சி என்பது குக். கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக்கின் அப்பா, அம்மா இவர்கள். அப்பா பெயரும் ஜேம்ஸ்தான். இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் கிரேட் அய்ட்டன் என்ற கிராமத்தில் இவர்கள் கட்டிய வீடு இது.

செங்கல்லும் கல்லும் கலந்த சுவர். அந்தக் காலத்தில் எந்திரம் கிடையாது. களிமண்ணைக் கையால் அச்சில் அடித்துத்தான் செங்கல் அறுப்பார்கள். சூளையில் தீக்குப் பக்கத்தில் இருந்த கல் கருஞ்சிவப்பாகும், தள்ளி இருந்தது வெளிறிப்போகும். ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்துக் கற்கள் நிறம் மாறி நிற்பது அதனால்தான். இன்றைய எந்திரச் செங்கல்லில் இந்த அழகு வரவே வராது. கூரையில் வளைந்து வளைந்து ஒன்றின்மேல் ஒன்று படியும் சிவப்பு ஓடுகள். இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்துக்கு இந்த வகை ஓடு வந்தது ஹாலந்து வணிகத்தின் வழியாக. முதலில் இறக்குமதி செய்தார்கள், பிறகு உள்ளூரிலேயே சுடப் பழகிக்கொண்டார்கள்.

உள்ளே எல்லாமே சிறிசு. தாழ்ந்த கூரை, கணப்பு அடுப்பு, மாடிக்கு ஒடுக்கமான படி. அப்பா ஜேம்ஸ் ஸ்காட்லாந்தில் பிறந்து பண்ணை வேலைக்கு வந்தவர். கிரேட் அய்ட்டன் பக்கத்து ஏரிஹோம் பண்ணையில் வேலை பார்த்தார். உழைத்து ஓய்ந்த காலத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டி, வாசலில் தன் பெயரோடு மனைவி பெயரையும் வெட்டி வைத்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

மகனுக்கு அப்போது 27 வயது ஆகப்போகிறது. பதின்வயதிலேயே ஊரைவிட்டுப் போனவர், வீடு எழும்பிய அதே 1755-ல் அரச கடற்படையில் சேர்ந்துவிட்டார். ஆகவே அவர் வளர்ந்த வீடு இது இல்லை. பெற்றோரைப் பார்க்க வந்துபோயிருப்பார், அவ்வளவுதான். கிரேஸ் 1765-ல் காலமானார். ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையை வரைபடத்தில் ஏற்றிவிட்டு மகன் ஊர் திரும்பியபோது அம்மா இல்லை. 1772-ல் அப்பா வீட்டை விட்டுவிட்டு ரெட்கார் என்ற ஊரில் இருந்த மகளிடம் போய்ச் சேர்ந்தார். 1779 பிப்ரவரி 14-ல் ஹவாயில் மகன் கொல்லப்பட்டார். அந்தச் சேதி இங்கிலாந்து வந்து சேரும் முன்பே, ஏப்ரல் முதல் தேதி, அப்பாவும் போய்விட்டார்.

1933-ல் அப்போதைய உரிமையாளர் வீட்டை விற்க முன்வந்தார். இங்கிலாந்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர் நிபந்தனை. பேசிப் பேசி, ‘இங்கிலாந்து’ என்பதைப் ‘பேரரசு’ என்று மாற்ற வைத்தார்கள். பிரிட்டிஷ் பேரரசு என்றால் ஆஸ்திரேலியாவும் அதில் அடக்கம். உள்ளூரில் அதிகபட்சமாகக் கேட்ட விலை 300 பவுண்டு. மெல்போர்ன் தொழிலதிபர் ரஸ்ஸல் கிரிம்வேட் கொடுத்தது 800. கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்து, ஹல் துறைமுகத்தில் ‘போர்ட் டனிடின்’ கப்பலில் ஏற்றினார்கள். சுவரில் படர்ந்திருந்த ஐவிக் கொடியைக்கூட விடவில்லை. துண்டு வெட்டி எடுத்துவந்து இங்கே நட்டார்கள். 1934 அக்டோபரில், மெல்போர்ன் நூற்றாண்டு விழாவுக்கு விக்டோரியா மாநில மக்களுக்கான பரிசாக வீடு ஒப்படைக்கப்பட்டது. 1978-ல் மறுபடி சீரமைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சாமான்களில் குக் குடும்பத்துடையவை மிகக் குறைவு. மற்றதெல்லாம் அக்காலத்து மாதிரிகள்.

வீடு இருந்த இடத்தில் கிரேட் அய்ட்டனில் இப்போது ஒரு கல் தூண் நிற்கிறது. 1770-ல் குக்கின் கப்பல் முதலில் கண்ட ஆஸ்திரேலியக் கரையான பாயிண்ட் ஹிக்ஸ் பக்கத்துப் பாறையில் வெட்டியது அது.

குக் மெல்போர்னில் கால் வைத்ததே இல்லை. இது வுருஞ்ஜெரி மக்களின் நிலம். கேப்டனின் பெயரை இங்கே கொண்டாடுவது பூர்வகுடிகளுக்கு வலிக்கும் விஷயம். எதிர்ப்பைக் காட்ட இந்தச் சுவரில் சாயம் வீசியதும் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சுவர் ஒரு பண்ணைத் தொழிலாளியுடையது. வழிகாட்டிப் பலகைகள் கேப்டனைக் கொஞ்சம் குறைத்து, அப்பாவையும் அம்மாவையும் இன்னும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

போகிறவர்களுக்கு: ஜோலிமான்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தோட்டம் இலவசம், வீட்டுக்குள் போக மட்டும் சீட்டு. வெயில் சாய்வாக விழும் நேரமாகப் பார்த்துப் போங்கள், செங்கல்லின் நிற வேறுபாடு அப்போதுதான் நன்றாகத் தெரியும்.