ஒரு மெயில், மூன்று ‘சென்ட்’ ஃபோல்டர்

சொந்த டொமைனில் ஒரு மெயில் கணக்கு. இரண்டு லேப்டாப்பிலும் தண்டர்பேர்ட் என்ற மெயில் ஆப், கையில் ஐபோன். பழைய லேப்டாப்பில் போட்ட ஃபோல்டர் போனில் வராது. இரண்டு வாரம் தாண்டிய மெயில் போனில் காணாமல் போகும். ஹோஸ்டிங் ஹெல்ப்லைனில் 40 நிமிடம் காத்திருந்து வாங்கிய பதில்: “கணக்கை டெலீட் பண்ணிட்டுத் திரும்பச் சேருங்க சார்.” நல்லவேளை, கேட்கவில்லை.

முதலில் பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். சர்வரில் இருப்பது அப்படியே தெரியும். அங்கே இருக்கிறது, போனில் இல்லை என்றால் கோளாறு போனில். அங்கேயே இல்லையென்றால் மெயில் ஏதோ ஒரு கருவிக்குள் முடங்கிக் கிடக்கிறது. அந்தக் கருவியில் மட்டும் எதையும் அழிக்காதீர்கள்.

இங்கே நடந்தது அதுதான். பழைய லேப்டாப்பில் கணக்கு பாப் முறையில் இருந்தது, அதாவது மெயிலைக் கருவிக்குள் இறக்கி வைத்துக்கொள்ளும் முறை. ஐமேப் முறையில் மெயிலும் ஃபோல்டரும் சர்வரிலேயே இருக்கும், எல்லாக் கருவியும் அதையே காட்டும். சர்வர் செட்டிங்ஸில் போர்ட் 995 என்றால் பாப், 993 என்றால் ஐமேப். பாப்புக்கு இன்பாக்ஸ் மட்டும்தான் தெரியும். போதாக்குறைக்கு, 14 நாளுக்கு மேல் சர்வரில் வைக்காதே என்று டிக் வேறு. பிரித்து வைத்த ஃபோல்டர்கள் எல்லாம் அந்த டிஸ்கில் மட்டும். ஹெல்ப்லைன் சொன்னபடி கணக்கை எடுத்து, மெசேஜ் டேட்டாவையும் சேர்த்து எடு என்று டிக் போட்டிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

தண்டர்பேர்டில் பாப் கணக்கை ஐமேப்பாக மாற்ற வழியில்லை. அதே முகவரியை ஐமேப்பில் புதிதாகச் சேர்த்து, பழைய ஃபோல்டர்களில் இருந்து இதற்கு காப்பி செய்யவேண்டும். மூவ் வேண்டாம், பாதியில் நெட் போனால் எது போனது, எது நின்றது என்று தெரியாது. ஒரு தடவைக்கு 300, 400 மெயில். ஒவ்வொரு ஃபோல்டரிலும் எண்ணிக்கை வெப்மெயிலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபிறகே பழைய கணக்கைத் தொட்டது.

அடுத்த தலைவலி, அனுப்பிய மெயில். சர்வரில் ‘சென்ட்’, ‘சென்ட் ஐட்டம்ஸ்’, ‘சென்ட் மெசேஜஸ்’ என்று மூன்று கிடந்தன, ஒவ்வொரு ஆப்பும் தனக்குப் பிடித்த பெயரில் போட்டது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அதில் கொட்டினோம். பிறகு ஐபோனில் அந்தக் கணக்கின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் சென்ட் மெயில்பாக்ஸ். மேலே ‘ஆன் மை ஐபோன்’, கீழே ‘ஆன் த சர்வர்’ என்று இரண்டு பகுதி இருக்கும். கீழே உள்ளதில்தான் டிக் இருக்கவேண்டும். தண்டர்பேர்டில் ‘காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ பக்கத்தில் அதே ஃபோல்டர். டிராஃப்ட்ஸுக்கும் டிராஷுக்கும் இதே கதை.

போனில் தெரியும் ஃபோல்டர் தண்டர்பேர்டில் தெரியவில்லையா? கணக்கின் மேல் ரைட் கிளிக், சப்ஸ்கிரைப், டிக். அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்தும் வீட்டு வைஃபையில் மட்டும் சிங்க் நின்று நின்று போனது. மொபைல் டேட்டாவில் கோளாறே இல்லை. “உங்க நெட் பிரச்சினை சார்” என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். உண்மையில், பல ஹோஸ்டிங் சர்வர்களில் ஓடும் டவ்காட் என்ற மெயில் மென்பொருள், ஒரு பயனருக்கு ஒரு ஐபி முகவரியில் இருந்து 10 இணைப்புக்கு மேல் வழக்கமாக விடாது. வீட்டு வைஃபையில் எல்லாக் கருவியும் வெளியே ஒரே ஐபி முகவரியாகத்தான் தெரிந்தன. தண்டர்பேர்ட் ஒன்றே 5 வரை பிடித்துக்கொள்ளும். இரண்டு லேப்டாப்பிலேயே 10 ஆச்சு, போனுக்கு இடமேது? சர்வர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டில் அந்த 5-ஐ 2 ஆக்கி, தண்டர்பேர்டை மூடித் திறந்தபின் போன் ஒழுங்காகச் சிங்க் ஆகிறது.