செம்பனையின் அடித்தண்டு அழுகலும் பூஞ்சையின் இணைசேர்க்கையும்

மலேசியாவின் சிலாங்கூரிலுள்ள எங்கள் பெஸ்தாரி ஜெயாவைப் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே இன்றும் அழைக்கும் பெரியவர்களுக்கு, மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) 1917-இல் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது என்பது பெருமைக்குரிய செய்தி. அந்தச் செம்பனையை இன்று அதிகம் வீழ்த்துவது கானோடெர்மா போனினென்ஸ் என்னும் பூஞ்சை. குருத்துகள் விரியாமல் நிற்பதும், அடிமட்டைகள் தண்டை ஒட்டித் தொங்குவதும், அடிமரத்தில் தட்டுக்காளான் முளைப்பதும் அதன் அடையாளங்கள். காளான் கண்ணில் படும்போது தண்டின் உட்பகுதி பெரும்பாலும் அழுகிப்போயிருக்கும்.

அந்தக் காளான் உதிர்க்கும் ஒவ்வொரு வித்துத்துகளிலும் ஒரே ஒரு உட்கரு இருக்கிறது. அது முளைத்துத் தரும் இழை, பொருத்தமான வேறோர் இழையோடு கலந்து இரட்டை உட்கரு இழையாக மாற வேண்டும். நோயுற்ற மரங்களில் கிடைப்பது இந்த இரட்டை உட்கரு இழைதான். இங்கே ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. ஏ, பி என்னும் இரு மரபணு இடங்கள் பொருத்தத்தைத் தீர்மானிக்கின்றன. இரண்டிலும் இரு இழைகளும் வேறுபட்டால்தான் சேர்க்கை நிறைவேறும். ஆகவே ஒரே காளானின் வித்துகளுக்குள் பொருந்துபவை ஏறத்தாழ நான்கில் ஒன்றே. ஆனால் இவ்விடங்களில் பல வகைகள் உள்ளதால், வெவ்வேறு காளான்களிலிருந்து பறந்து வந்த வித்துகள் பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன.

சேர்க்கை மரபணுவே நோய்க்கும் திறவுகோலாக இருக்க முடியும் என்பதை மக்காச்சோளக் கரிப்பூட்டைப் பூஞ்சை ஐயமற நிறுவியது. உஸ்டிலாகோ மேய்டிஸ் என்ற அதன் ஒற்றைச் செல்கள் ஈஸ்ட் போல் பெருகுமே தவிர, பயிரைத் தாக்குவதில்லை. அதன் பி இடம் இரு புரதங்களை உருவாக்குகிறது. வெவ்வேறு வகைச் செல்களிலிருந்து வந்த இரு புரதங்கள் இணையும்போதுதான் தாக்குதலுக்குரிய மரபணுக்கள் விழிக்கின்றன. எதிர்வகையின் சேர்க்கை மரபணுக்களையும் ஒற்றைச் செல்லுக்குள் ஆய்வாளர்கள் புகுத்தியபோது, அது துணையின்றியே பயிரைத் தாக்கியது. இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

மனிதரின் மூளைச்சவ்வைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையில் நிலைமை இவ்வளவு நேரானதன்று. நோயாளிகளிடமிருந்து எடுக்கப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை, அதன் இரு சேர்க்கை வகைகளில் ஒன்றான ஆல்ஃபா வகையே. ஏனைய மரபணுக்களெல்லாம் ஒத்திருந்த இரு வகைகளை எலிகளில் ஒப்பிட்ட 1992-ஆம் ஆண்டு ஆய்வில் ஆல்ஃபாவே கடுமையாக இருந்தது. எனினும் வேறொரு மரபுப் பின்னணியில் பின்னர் செய்த ஒப்பீட்டில் இரண்டும் சமமாகவே தாக்கின. ஆல்ஃபா என்றாலே வீரியம் என எழுதிவிடுவது, ஆகையால், சரியாகாது.

மீண்டும் செம்பனைக்கு வருகிறேன். வேர் வேரைத் தொட்டே இந்நோய் பரவுகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பழைய தென்னந்தோப்புகளில் மறுநடவு செய்த நிலங்களில் பாதிப்பு மிகுந்ததும் அந்நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தது. ஆனால் அடுத்தடுத்த மரங்களிலிருந்து எடுத்த பூஞ்சைகள் மரபளவில் வேறுபட்டிருந்ததை 1990-களின் ஆய்வுகள் காட்டின. வேர்வழியாக மட்டுமே பரவியிருந்தால் அவை பெரிதும் ஒன்றாக இருந்திருக்கும்; எனவே பறந்து வரும் வித்துகளுக்கும் பரவலில் பங்கிருக்க வேண்டும். மறுநடவின்போது அடிக்கட்டையையும் வேரையும் அகற்றுவதில் காட்டும் அக்கறையை, நிற்கும் மரங்களின் காளான்களை முற்றுமுன் அகற்றி அழிப்பதிலும் தோட்டங்கள் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வெட்டிய காளானை மரத்தடியிலேயே போட்டுச் செல்லும் பழக்கம், வேறு காளான்களிலிருந்து வந்து சேரும் வித்துகளுக்குப் பொருத்தமான இணையை அங்கேயே விட்டுச்செல்வதாகிவிடும்.