எருக்கலைப் பத்தையில நிக்கிறதெல்லாம் பிளேன் டைகர் இல்ல

மாரி மழை விட்டு தை மாசம் வெயில் ஏறத் தொடங்கினா போதும், வாட்ஸ்அப்புல எனக்கு வண்ணத்துப்பூச்சி போட்டோவா வந்து குவியும், "அண்ணே இது என்ன இனம்" எண்டு. கல்லடிக் கடற்கரை, படுவான்கரை வயல் வரம்பு, உன்னிச்சைக் குளத்தடி எண்டு எல்லா இடத்தாலயும் வரும். சந்தோசம்தான், ஆனா முக்காவாசிப் பேர் செட்டைய விரிச்சு வச்சிருக்கிற நேரமாப் பார்த்து மேலால ஒண்டு அடிச்சிட்டுப் போயிருவாங்க. அந்தக் கலர் இருக்கே, அதுதான் சில இனங்கள்ல மற்றவன ஏமாத்துறதுக்கெண்டே வந்த சாமான்.

பிளேன் டைகர எடுங்க. செம்மஞ்சள் செட்டை, முன்செட்டை நுனி கறுப்பு, அதுக்குள்ள வெள்ளைப் பட்டி. இதின்ட புழு எருக்கலை தின்னி, அந்தப் பால்ல உள்ள நஞ்சு உடம்புல சேர்ந்திரும், ஒருக்கா கொத்திப் பார்த்த குருவி மறுகா அந்தக் கலர் பக்கம் வராது. இதப் பார்த்து அப்பிடியே வேசம் போடுறது டனாயிட் எக்ஃப்ளையின்ட பொட்டை. (கடுவன் இந்த வேலைக்கே போறதில்ல, அது கறுப்புல பெரிய வெள்ளைப் பொட்டும் ஊதா மினுக்கமுமா வேற ஒரு பூச்சி மாதிரித் திரியும்.) பிடிக்கிற இடம் பின்செட்டை. பிளேன் டைகருக்கு நடுவால மூண்டு கறுப்புப் பொட்டு இருக்கும், கடுவனெண்டா நாலு. எக்ஃப்ளைப் பொட்டைக்கு மேல் ஓரத்துல ஒண்டே ஒண்டுதான். கறுப்பு நரம்பெல்லாம் தடிச்சுத் தெரிஞ்சா அது ரெண்டுமில்ல, ஸ்ட்ரைப்ட் டைகர்.

நஞ்சில்லாதது நஞ்சுள்ளதப் போல வேசம் போடுற இந்த விசயத்த அமேசன் காட்டுல பூச்சி பிடிச்சுத் திரிஞ்ச ஹென்றி வோல்டர் பேட்ஸ் 1862ல எழுதிட்டார். எங்கட வளவுல இதுக்கு நல்ல உதாரணம் தேசி மரத்துலயும் கறிவேப்பிலையிலயும் முட்டை போடுற கொமன் மோர்மன். இதுல பொட்டை மூண்டு விதம், ஒண்டு கடுவனப் போலவே, ஒண்டு நஞ்சுள்ள கொமன் ரோஸ் மாதிரி, மற்றது அதப்போலவே நஞ்சுள்ள கிரிம்சன் ரோஸ் மாதிரி. ஒரே தாய்ட முட்டையில இருந்தே வேற வேற விதம் வரலாம், இதத் தீர்மானிக்கிறது டபுள்செக்ஸ் எண்ட ஒரேயொரு ஜீன் எண்டு 2014ல கண்டுபிடிச்சாங்க. முன்செட்டையில வெள்ளைப் பட்டியும் பின்செட்டையில சிவப்புப் பொட்டும் இருந்த உடன கிரிம்சன் ரோஸ் எண்டு முடிவெடுக்காம உடம்பப் பாருங்க. ரோஸ் ரெண்டுக்கும் தலையும் வயிறும் நல்ல சிவப்பு, மோர்மனுக்கு உடம்பு கறுப்பு. செட்டைய அந்த மாதிரி கொப்பி அடிச்ச பொட்டை உடம்ப விட்டுட்டுது பாருங்க! எனக்கு இண்டைக்கும் ஆச்சரியமான விசயம் இதுதான்.

ப்ளூ டைகர், டார்க் ப்ளூ டைகர் ரெண்டும் கிலுகிலுப்பைச் செடியில சேர்ந்து தொங்கும். கோடு அகலமா வெளிர் நீலமா இருந்தா முதலாவது, ஒடுங்கி கறுப்பு கூடத் தெரிஞ்சா ரெண்டாவது. இந்தக் கூட்டத்துக்குள்ள டைகரப் போல வேசம் போடுற கொமன் மைம் வந்து நிண்டா காலை எண்ணுங்க, டைகருக்கு ஊண்டி நிக்கிற கால் நாலு, மைமுக்கு ஆறு. மைமுக்குப் பின்செட்டை அடிப்பக்க ஓரத்துல மஞ்சள் பொட்டு வரிசையும் இருக்கும்.

குரோ எண்டு சொல்லுற கபில நிற வண்ணத்துப்பூச்சிக் கூட்டம்தான் தலையிடி. கொமன் குரோக் கடுவனுக்கு முன்செட்டை மேல்பக்கம் ஒரு கீறல், டபுள் பிரான்டட் குரோவுக்கு ரெண்டு, ஆனா இருந்த உடன செட்டைய மூடிரும், அப்ப ஒண்டும் தெரியாது. ஆகவே குரோ அனுப்புறவங்க பறக்கக்குள்ள பர்ஸ்ட் மோட்ல (ஒரே அமுக்குல தொடர்ந்து எடுக்கிறது) நாலஞ்சு தட்டி, அதுல செட்டை விரிஞ்சத மட்டும் அனுப்புங்க. பொட்டையெண்டா கீறலே இல்ல, வெறும் "குரோ" எண்டு எழுதிட்டு நான் அடுத்த போட்டோவுக்குப் போயிருவன்.