மொஸ்கிட்டோவை நடுவில் பிளந்து பார்த்தேன்

என் மர மொஸ்கிட்டோ இப்போது ஒரு சென்டிமீட்டர் அகலம் கூடி நிற்கிறது. மொரிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காரின் முன்மாதிரியை, பத்தில் ஒரு பங்கு அளவில் மரத்தில் செய்துவருகிறேன். நீங்கள் தெருவில் பார்க்கும் மைனர் அல்ல, அதற்கு முந்தைய குறுகிய வண்டி. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே கார் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் கவுலியில் இருந்த மொரிஸ் நிறுவனத்தில் வரைந்தது. அப்போது அதற்கு வைத்திருந்த பெயர்தான் மொஸ்கிட்டோ.

முன்மாதிரியின் அகலம் 57 அங்குலம். விற்பனைக்கு வந்த மைனர் 61 அங்குலம். தயாரிப்புக்கு எல்லாம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், வண்டி ஒடுங்கித் தெரிகிறது என்று இசிகோனிஸுக்குப் பட்டுவிட்டது. முன்மாதிரியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்த்து, சரி என்று பட்ட இடத்தில் நிறுத்தினார். இடைவெளி நான்கு அங்குலம். இதைப் படித்த நாளிலிருந்தே எனக்கும் அப்படிப் பிளந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. கணக்குப் போட்டு எடுத்த முடிவாக இருந்தால் தாளில் படித்தே புரிந்துகொள்ளலாம். கண்ணால் எடுத்த முடிவை நாமும் கண்ணால் பார்த்தால்தானே தெரியும்?

மரம், எங்கள் இலங்கை மலையகத்தில் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக். தேயிலைக்கு நிழலுக்காக வளர்ப்பார்களே, அதே மரம்தான். ஹட்டனில் ஒரு தச்சுப் பட்டறையில் காய்ந்த துண்டுகள் கிடைத்தன. அளவு அட்டைகளைப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் வெட்டினேன். மெல்லிசாக இருந்தாலும் வளையாது, ஓரம் சுத்தமாக வரும். இப்போது தேயிலை கடதாசிப் பைகளில் போவதால் அந்தப் பெட்டிகள் அருமையாகிவிட்டன. கிடைத்தால் விடாதீர்கள்.

வாளால் அறுத்தால் வாள் தின்னும் அளவுக்கு அகலம் குறையும். இந்தச் சின்ன அளவில் அதுவே பெரிய வித்தியாசம். அதனால் உலோக வார்ப்புக்கு மர அச்சு செய்பவர்களின் பழைய வழியைப் பிடித்துக்கொண்டேன். இடது பாதிக்கும் வலது பாதிக்கும் நடுவே ஒரு பத்திரிகைத் தாளை வைத்து ஒட்டி, ஒரே கட்டையாகச் செதுக்குவது. வேலை முடிந்ததும் அந்தக் கோட்டில் உளியை வைத்து மெதுவாகத் தட்டினால் தாள் இரண்டாக உரிந்து கட்டை பிரியும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் பசை காய்வதற்குள் பொறுமை போய்விடும். அடுப்படி வெக்கையில் வைத்துத்தான் காய வைத்தேன்.

பிளப்பதற்கு முன் அந்த 14.5 சென்டிமீட்டர் வண்டியை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பக்கத்திலிருந்து பார்த்தால் குறையே இல்லை. முன்னாலிருந்து பார்க்கும்போதுதான் தோள் ஒடுங்கி, கூரை உயர்ந்து, வளைவில் வேகமாகத் திருப்பினால் சாய்ந்துவிடுமோ என்று தோன்றுகிறது. உளி தட்டியதும் சுத்தமாகப் பிரிந்தது. அரை சென்டிமீட்டர் பலகையை நடுவில் வைத்தேன். மாற்றம் தெரிகிறது, ஆனால் போதவில்லை. ஒன்றரை வைத்தால் முகம் தட்டையாகிறது, பொனட்டின் உருட்சி செத்துப் போகிறது. ஒரு சென்டிமீட்டர் வைத்ததும் வண்டி சக்கரங்களின் மேல் அழுத்தமாக உட்கார்ந்தது. நான்கு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு! விடை முன்பே தெரியும் என்பதால் என் கண்ணை நான் முழுதாக நம்பவில்லை. ஒன்றும் சொல்லாமல் தங்கச்சியிடம் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். அவளும் நடுவில் உள்ளதைத்தான் தொட்டாள்.

பிளந்த தடம் உண்மையான வண்டியில் இன்னும் இருக்கிறது. டிக்கோயாவில் மைனர் வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் அளவெடுக்கப் போனேன். பொனட்டின் நடுவே மேலிருந்து கீழாகக் கொஞ்சம் எழும்பி ஓடும் தட்டையான பட்டைதான் சேர்த்த அகலம் என்று காட்டினேன். "அட, இத்தன வருசமா அழகுக்குப் போட்டதுன்னுல்ல நெனச்சேன் தம்பி" என்று அவர் விரலால் தடவிப் பார்த்தார். பம்பர்கள் குறுகிய அளவுக்கே முன்கூட்டிச் செய்யப்பட்டிருந்ததால், 1948-ல் வந்த ஆரம்ப வண்டிகளில் அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு சேர்த்துத்தான் பூட்டினார்கள். கூரையில் மட்டும் தடம் தெரியாது. அங்கே வளைவு ஒரே ஓட்டமாக இருப்பதால், மாதிரியிலும் சேர்த்த பலகை தெரியாத அளவுக்குத் தேய்த்துவிட்டேன். பொனட்டில் வேண்டுமென்றே பட்டையாக விட்டேன்.

அண்ணனின் வண்டி பொனட்டைத் திறந்தால் இன்னொன்றும் தெரியும். எஞ்ஜினின் இரு பக்கமும் தாராளமாக இடம் கிடக்கிறது. முன்மாதிரிக்கு இசிகோனிஸ் நினைத்திருந்தது சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்ஜின். அன்று பிரித்தானியாவில் கார் வரி சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்தது. உள்நாட்டுக்குச் சின்ன எஞ்ஜின், ஏற்றுமதிக்குப் பெரிய எஞ்ஜின் என்று ஒரே அமைப்பில் இரண்டும் செய்ய அது தோதாக இருந்தது. பிறகு அந்த வரி முறையே போனது, செலவும் இடித்தது. கடைசியில் பழைய மொரிஸ் எயிட்டின் 918 சிசி எஞ்ஜினையே வைத்தார்கள். முன்மாதிரியில் ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் நெம்புகோலும் அத்தோடு தரைக்கு வந்துவிட்டது.

ஆனால் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் (சின்னப் பல்சக்கரம் ஒரு பல் தண்டை நகர்த்திச் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு), முறுக்குக் கம்பியில் இயங்கும் முன் சஸ்பென்ஷன், மூலைக்குத் தள்ளிய 14 அங்குலச் சின்னச் சக்கரங்கள் மூன்றும் தப்பித்தன. நுவரெலியா பாதையின் கொண்டை வளைவுகளில் பழைய மைனர் ஒன்று சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்புவதற்கு இவைதான் காரணம் என்பேன். எனக்கு அந்த எஞ்ஜின் இழப்பை விட இந்த மூன்றும் பிழைத்ததுதான் பெரிது.

முன்விளக்குகளை கிரில்லுக்குள் தாழ்வாகவே வைத்திருக்கிறேன். ஆரம்ப வண்டிகள் அப்படித்தான் வந்தன. அமெரிக்க விதிகளுக்காகத்தான் அவை பின்னர் மட்கார்டுக்கு மேலேறின.

அடுத்தது பம்பர். பால்மா டின் தகரத்தைக் குறுகிய அளவுக்கே வளைத்து, நடுவில் வெட்டி, ஒரு சென்டிமீட்டர் துண்டு வைத்து ஈயம் பற்றவைக்கப் போகிறேன். கவுலியில் நடந்த அதே வரிசையில். படுத்த எஞ்ஜினுக்கு மூங்கிலா, பித்தளைக் குழாயா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பித்தளையில் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.