முழங்காலில் நிற்கும் வேலை

இலங்கையின் வடக்கே, மாங்குளப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன். நாள் முழுக்க முழங்காலில்தான். டிடெக்டர் கத்தினால் அந்த இடத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். மேலிருந்து குத்தவே கூடாது. பெரும்பாலும் வருவது ஆணி, துப்பாக்கி ரவைக் கோது, துருப்பிடித்த டின் துண்டு. எப்போதாவது ஒருநாள், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் வெடியின் ஓரம் மண்ணுக்குள் தெரியும். முகக்கவசத்துக்குள் வியர்வை வழிந்து கண் எரிந்தாலும் கை நிதானமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வருடத்தில்தான் எனக்குச் செபம் வராமல் போனது.

பின்னேரம் அம்மா செபமாலைக்குக் கூப்பிடுவார். அண்ணன் 2009இல் காணாமல் போனவர். அம்மா ஒவ்வொரு மணியிலும் அவரைத்தான் கேட்டார். நான் முழங்கால் வலி என்று சாட்டுச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன். போய் இருந்த நாட்களில் மங்கள வார்த்தை செபத்தை வாய் பாட்டுக்குச் சொல்லும், மனம் ஆளில்லாத வீட்டு வாசலில் நிற்கும். விசுவாசம் குறைந்துவிட்டது, குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய் என்றார் கோயிலில் ஒருவர். செய்தேன். ஒன்றும் மாறவில்லை. கடவுள் தூரமாய்ப் போன வலி ஒரு பக்கம், அது என் குற்றம்தான் என்ற எண்ணம் மறுபக்கம். இரண்டாவதுதான் என்னை அதிகம் வாட்டியது. வாடிக் கிடப்பவரிடம் அப்படிச் சொல்லாதீர்கள்.

ஒரு சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் புத்தி சொல்லவில்லை. 88ஆம் திருப்பாடலை வாசித்துப் பார் பிள்ளை என்றார், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் பாலை மர நிழலில் இருந்து வாசித்தேன். 13ஆம் பாடலும் எவ்வளவு காலம் ஆண்டவரே என்றுதான் தொடங்குகிறது, ஆனால் முடிவில் பாட்டாக மாறிவிடும். 88 அப்படி இல்லை. இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் இல்லாமல், கடைசிச் சொல்வரை இருட்டாகவே முடிகிறது. இதையும் செபம் என்று வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்களே! சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு அழுதேன்.

அம்மாவிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மடு மாதா கோயிலைப் பற்றிப் பேசினார். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, மாதாவின் சொரூபத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்டில்தான் அது திரும்பி வந்தது. "அந்த மாதமெல்லாம் நான் மடுப் பக்கம் பார்த்துத்தானே பிள்ளை கும்பிட்டனான்" என்றார். அப்புறம் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

பழைய நெருக்கம் இன்னும் வரவில்லை. வேலையையும் விட்டுவிட்டேன். பின்னேரங்களில் அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருக்கிறேன், முழங்கால் உண்மையாகவே போய்விட்டது. பாதி மணிகளுக்கு என் வாய் அசைவதில்லை. அண்ணனின் பெயர் வரும்போது மட்டும் நானும் சத்தமாகச் சொல்கிறேன்.