கடைசியில் ஒரு புள்ளி

ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி லேப் பொறுப்பு என்னுடையது. இரண்டு லேப், மொத்தம் 74 கணினிகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஃபைல் சர்வர், ஒரு பிரின்ட் சர்வர். போன டிசம்பர் வரைக்கும் இந்த இரண்டின் ஐபி எண்ணையும் (நெட்வொர்க் முகவரி), எந்தப் பெயருக்கு எந்த எண் என்று குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில், ஒவ்வொரு கணினியிலும் கையால்தான் எழுதி வைத்திருந்தோம்.

மாடல் எக்ஸாமுக்கு நான்கு நாள் முன்னால் ஃபைல் சர்வரின் எண்ணை மாற்ற வேண்டி வந்தது. நானும் அட்டெண்டர் அண்ணனும் ஒரு நோட்டில் 1 முதல் 74 வரை எழுதி, கணினி கணினியாக உட்கார்ந்து மாற்றி டிக் அடித்தோம். இரண்டு நாள் பிடித்தது. அப்படியும் மூன்று விட்டுப்போயின. பரீட்சை அன்று ஒரு பெண் கண்கலங்கி வந்து, "மேடம், என் ஃபோல்டரே திறக்க மாட்டேங்குது" என்று சொன்னபோதுதான், இனி இப்படிக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

நாங்கள் நோட்டு வைத்துச் செய்ததை ஒரு காலத்தில் இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுவதற்கும் செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பராமரித்தது. எல்லாரும் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அவரவர் பெயர்ப் பட்டியலை அவரவர் வைத்துக்கொள்வது, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது, அவ்வளவுதான். 74 கணினிகளைச் சுற்றி வந்த பிறகு அந்த யோசனையின் அருமை எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஓரமாகக் கிடந்த இரண்டு பழைய கணினிகளை எடுத்து, டெபியன் 12 லினக்ஸ் போட்டு, பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளை நிறுவினேன். 4 ஜிபி ராம் இந்த வேலைக்குத் தாராளம். டொமைன் பெயராக முதலில் 'லோக்கல்' என்று முடிகிற ஒன்றைத்தான் நினைத்தேன். அது, சர்வர் இல்லாமலே பக்கத்துக் கணினிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது, அதோடு மோதும். உள் நெட்வொர்க்குக்கென்றே 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் ஒதுக்கிய 'இன்டர்னல்' இருக்கிறதே என்று 'லேப்.இன்டர்னல்' வைத்தேன்.

அந்த டொமைனின் பெயர்ப் பட்டியலான ஸோன் ஃபைலை எழுதிச் சோதித்தால், ஏற்றவே மாட்டேன் என்றது. 'என்எஸ்1.லேப்.இன்டர்னல்.லேப்.இன்டர்னல்' என்ற பெயருக்கு முகவரி இல்லையாம். சர்வருக்கு நான் எழுதியது 'என்எஸ்1.லேப்.இன்டர்னல்', அப்படி ஒரு பெயரை நான் எழுதவே இல்லை! அரை மணி நேரம் அந்த ஃபைலையே வெறித்துப் பார்த்தேன். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைக்காமல் விட்டிருக்கிறேன். புள்ளி இருந்தால்தான் பெயர் அங்கே முடிந்தது என்று பைண்ட் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் டொமைன் பெயரைத் தானே பின்னால் ஒட்டிவிடும். அந்த இடத்திலாவது அது கத்திச் சொன்னது. எண்ணிலிருந்து பெயரைத் தேடும் ரிவர்ஸ் ஸோனில் இதே தவறைச் செய்திருந்தேன், அங்கே சோதனை சத்தமில்லாமல் 'ஓகே' என்றுவிட்டது. டிஎன்எஸ் சர்வரிடம் கேள்வி கேட்கும் டிக் (dig) கட்டளையில் 'மைனஸ் எக்ஸ்' போட்டுக் கேட்டபோதுதான் பெயருக்குப் பின்னால் ஒரு வால் தொங்குவது தெரிந்தது. ஆகவே ரிவர்ஸ் ஸோனில் வரும் பிடிஆர் வரிகளை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை கண்ணால் பாருங்கள்.

அடுத்து, கணினிகளுக்கு நெட்வொர்க் அமைப்புகளைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபியில், டிஎன்எஸ் சர்வர் எது என்று சொல்லும் 6ஆம் எண் ஆப்ஷனில் இரண்டு சர்வர்களின் முகவரிகளையும் கொடுத்தேன். முதல் லேப் அருமையாக ஓடியது. இரண்டாவது லேபில் ஃபைல் சர்வர் வருகிறது, வெளியே எந்தத் தளமும் வரவில்லை. கேபிள், ஸ்விட்ச் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் டிக் கட்டளையில் கேட்டால் 'ரெஃப்யூஸ்டு' (மறுக்கப்பட்டது) என்று பதில். தன் சொந்த ஸோனைப் பற்றி யார் கேட்டாலும் பைண்ட் சொல்லும். வெளியுலகப் பெயர்களைத் தேடித் தருவது மட்டும், நாம் வேறு எதுவும் சொல்லாதவரை, தான் நேரடியாக இணைந்திருக்கும் நெட்வொர்க்குக்குத்தான். சர்வர்கள் இருப்பது 192.168.10, இரண்டாவது லேப் 192.168.20. இரண்டையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்ததும் சரியானது. சோம்பல்பட்டு அங்கே 'எல்லாருக்கும்' என்று போட்டுவிடாதீர்கள். அந்த சர்வர் வெளியிலிருந்து எட்டும்படி இருந்துவிட்டால், அதை வைத்து வேறு யாரையோ தாக்குவார்கள்.

ஸோன் ஃபைலில் இருக்கும் சீரியல் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸோனைத் திருத்தும்போதெல்லாம் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும், அப்போதுதான் இரண்டாவது சர்வர் முதலாவதிலிருந்து புதிய பிரதியை எடுக்கும். பிரின்ட் சர்வர் எண்ணை மாற்றியபோது நான் கூட்ட மறந்தேன். ஒரு நாள் முழுக்க இரண்டாவது லேபிலிருந்து ஒரு தாள்கூட அச்சாகவில்லை, ஏனென்றால் அந்தக் கணினிகளுக்கு இரண்டாவது சர்வரைத்தான் முதலாவதாகக் கொடுத்திருந்தேன். சீரியல் மாறவில்லை என்று பைண்ட் தன் பதிவேடான லாகில் எழுதித்தான் வைத்திருந்தது. இப்போது தேதியோடு இரண்டு இலக்கம் சேர்த்து எழுதுகிறேன்: 2025031201 என்பதுபோல.

மார்ச்சில் ஃபைல் சர்வரின் எண் மறுபடி மாறியது. ஒரு பதிலைக் கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் டிடிஎல்லை இரண்டு நாள் முன்பே 86400-இலிருந்து 300 நொடியாகக் குறைத்துவிட்டேன். மாற்றும் நாளன்று மாலை நாலரைக்கு ஒரு வரியைத் திருத்தி, சீரியலைக் கூட்டி, ரீலோட் கொடுத்தேன். டிசம்பரில் விட்டுப்போன மூன்றில் 31-ஆம் கணினியும் ஒன்று. அட்டெண்டர் அண்ணன் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க அண்ணே, அப்புறம் திறங்க."

"இப்பவே திறந்துடுச்சே மேடம்."