எங்கள் பெட்ச்சில் கனிவான மாணவர்களைத் தேடிய கதை

மருத்துவ பீடத்தில் இறுதி வருடத்துக்குள் போகும் முன் எங்கள் பெட்ச்சில் ஒரு வேலையை எடுத்துச் செய்தோம். நோயாளியை மனிதராக நடத்தும் மாணவர்கள் எங்களுக்குள் யார் என்று கண்டுபிடித்து, அதை அவர்களிடமே சொல்வதுதான் அந்த வேலை. கண்டிப் பக்கத்து வார்டுகளில் படித்தோம். நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவன். வேறு பீடங்களில் யாராவது இதைச் செய்ய யோசித்தால் உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

யோசனை எங்களுடையது இல்லை. ஆர்னோல்ட் கோல்ட் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் 1988இல் அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். புது மாணவர்களுக்கு வெள்ளைக் கோட் அணிவிக்கும் விழாவை 1993இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது அந்த அறக்கட்டளைதான். 2002இல் மருத்துவத்தில் மனிதநேயத்துக்கென்றே ஒரு கௌரவச் சங்கமும் அமைத்தார்கள். அதற்கு ஆட்களைத் தெரிவு செய்வதில் கூடப் படிப்பவர்களின் முன்மொழிவுதான் முக்கியம். எங்கள் மேடம் ஒருவர் இதைச் சொன்னபோது அந்த விஷயம்தான் மனதில் ஒட்டிக்கொண்டது. கன்சல்டன்ட், அதாவது வார்டுக்குப் பொறுப்பான பெரிய டொக்டர், வார்டில் நிற்கும் வரை எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான். அவர் போன பிறகு யார் எப்படி என்பது பக்கத்துக் கட்டிலில் ஹிஸ்டரி எடுக்கும் (நோயாளியிடம் நோய் விவரம் கேட்டு எழுதும்) பெட்ச்மேட்டுக்குத்தான் தெரியும்.

மேடம் இன்னொன்றும் காட்டினார். ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜாத்தும் சகாக்களும் செய்து 2009இல் வெளியான ஆய்வு. மாணவர்களின் பரிவு முதல் இரண்டு வருடம் பெரிதாக மாறவில்லை, மூன்றாம் வருடத்தில் குறைந்தது, அப்புறம் பட்டம் பெறும் வரை மீளவில்லை என்று அதில் இருந்தது. மூன்றாம் வருடம் என்றால் நோயாளிகளோடு பழகத் தொடங்கும் வருடம். எங்களுக்கும் வார்ட் அப்போதுதான் ஆரம்பம். படித்துவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. முதல் தடவை வார்டுக்குப் போய்விட்டு வந்து அழுத பிள்ளைகளே பிறகு "ஏழாம் கட்டில்ல நல்ல ஸ்ப்ளீன் ஒன்னு வந்திருக்கு" என்று, மண்ணீரல் வீங்கிய நோயாளியை உறுப்பின் பெயராலேயே சொல்லி ஓடுவதை நாங்கள் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

சரி, படிவம் தயாரித்தோம். "உங்கள் பெட்ச்சில் மிகவும் கனிவான மூன்று பேரை எழுதுங்கள்" என்று கேட்டோம். பெட்ச் ரெப் வந்தார், கிரிக்கெட் கெப்டன் வந்தார், மண்சரிவு நேரத்தில் நிவாரணம் சேர்க்க முன்னால் நின்றவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் யார் என்பதற்கான பதில் அது. கட்டிலுக்குப் பக்கத்தில் நடப்பது அதில் எங்கேயும் இல்லை.

அந்தப் படிவத்தை ஒதுக்கிவிட்டு வேறு கேள்விகள் எழுதினோம். உங்கள் அம்மாவை இந்த வார்டில் சேர்த்தால் யார் பார்க்க வேண்டும் என்று விரும்புவீர்கள்? நோயாளி பயமில்லாமல் யாரிடம் கேள்வி கேட்கிறார்? எல்லாரும் அவசரப்பட்ட நேரத்தில் நோயாளிக்காக யார் நின்றார்? பெயரோடு நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தையும் எழுத வேண்டும், சம்பவம் இல்லாத பெயரைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றும் போட்டோம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் எதிலும் எழுதலாம். ஒரு வார்ட் சிஸ்டரையும் அட்டெண்டன்ட்மாரையும் இதே கேள்விகளைக் கேட்டோம்.

அப்போது வந்த பெயர்களைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த ஸ்ப்ளீன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பரீட்சை நெருங்கும்போது மண்ணீரல் வீங்கிய ஒருவர், இதயத்தில் முணுமுணுப்பு கேட்கும் ஒருவர் என்று வார்டில் இருந்தால், பெட்ச் முழுவதும் வரிசையாகப் போய் அழுத்தும், கேட்கும். அவர்களும் "படிக்கிற புள்ளைங்கதானே" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். அதிகம் பேசாத ஒரு பெண்ணைப் பற்றி நாலைந்து பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். மண்ணீரல் வீங்கிய ஓர் அம்மாவிடம் தன் முறை வந்தபோது, அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, தொடாமல் போர்வையை இழுத்து மூடியிருக்கிறாள். "அம்மா தூங்கட்டும், பின்னேரம் வருவோம்" என்று பின்னால் நின்றவர்களையும் அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு அவள் அந்த ஸ்ப்ளீனைப் பார்க்கவே இல்லை. வார்டில் செய்ததைப் பதியும் லொக்புக்கில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. செய்யாமல் விட்ட ஒன்றை எந்தப் பரீட்சகர் பார்த்துப் புள்ளி போடுவார்?

இன்னொருவன் மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பையன். தோட்டத்து நோயாளி வந்தால் பலரும் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, மூன்று கேள்வியோடு முடித்துவிடுவார்கள். இவன் எங்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் சிங்கள எழுத்தில் தமிழ் வசனங்களை எழுதி வைத்திருந்தான். குளவி கொட்டி வந்த ஒரு கொழுந்து பறிக்கும் அக்காவிடம் "வலி எப்படி, வீட்டுல பிள்ளைங்கள யார் பார்க்கிறாங்க?" என்று கேட்டிருக்கிறான். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அவர் அழுதாராம். சம்பவத்தை எழுதியது அட்டெண்டன்ட் ஒருவர்.

நோயாளிகளிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. அனுமதி வாங்கி, டிக்கெட் வெட்டி வீட்டுக்குப் போகும் நேரத்தில், அந்த வார்டில் வேலை செய்யாத ஒருவர் அவர்களுடைய மொழியிலேயே கேட்பது என்று ஏற்பாடு. தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: "எல்லாருமே தங்கமான புள்ளைங்க, டொக்டர்." அது மரியாதையும் பயமும் கலந்த பதில் என்று எனக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன் நான். குறை சொன்னால் அடுத்த தடவை கவனிக்க மாட்டார்கள் என்ற எண்ணம் எங்கள் ஆட்களுக்குள் ஆழமாக இருக்கிறது. ஒரு கிளினிக்குக்காக முதல் பஸ் பிடித்து, அன்றைய பேரையும் (நாள் சம்பளத்தையும்) இழந்து வருகிறவர்கள் எப்படி வாய் திறப்பார்கள்?

அதனால் யார் நல்லவர் என்று கேட்பதை நிறுத்தினோம். "உங்களுக்கு என்ன வருத்தம் என்று யாராவது விளங்கச் சொன்னார்களா? என்ன சொன்னார்கள்?" என்று மட்டும் கேட்டோம். பேச்சு தானாக வந்தது. மஸ்கெலியாப் பக்கத்துப் பாட்டி ஒருவர் தன் நீரிழிவைப் பற்றி, காலை எப்படிக் கழுவிப் பார்க்க வேண்டும் என்பது வரை எங்களுக்கே வகுப்பு எடுத்தார். சொல்லிக் கொடுத்தது யார் என்றால், "கண்ணாடி போட்ட புள்ள, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து பேசுச்சு" என்றார். பெயர் தெரியவில்லை. எங்கள் பெயர்ப் பட்டிகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன. எந்த மாணவர் எப்போது எந்த வார்டில் என்று காட்டும் அப்பொயின்மென்ட் பட்டியலை வைத்துத்தான் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்தோம்.

கடைசியில் பரிசா, சான்றிதழா என்று பெரிய வாக்குவாதம். "சான்றிதழ் குடுத்தா நாளைக்கு எல்லாரும் ஸ்டூல் இழுத்துப் போடுவாங்க மச்சான், மனசுல இருந்து இல்ல" என்றான் ஒரு நண்பன். போடட்டுமே என்று நினைத்தேன். எந்தக் காரணத்துக்காக உட்கார்ந்தாலும் பாட்டிக்குப் பேச ஆள் கிடைக்கும். ஆனால் இது புள்ளியோடு கலக்கக் கூடாது என்பதில் நானும் உறுதியாக நின்றேன். படித்து முடித்ததும் கிடைக்கும் இன்டர்ன் (பயிற்சி டொக்டர்) நியமனம் புள்ளி வரிசையான மெரிட் லிஸ்ட்படி போகிற நாட்டில், ஒரு புள்ளி சேர்ந்தாலும் கனிவு போட்டியாகிவிடும். கடைசியில் மேடை இல்லை, புள்ளி இல்லை என்று முடிவானது. தெரிவானவர்களுக்கு ஒரு கடித உறை கொடுத்தோம். உள்ளே, எழுதியவர் பெயரோ நோயாளி பெயரோ இல்லாமல், அவர்களைப் பற்றி வந்த சம்பவங்கள்.

போர்வை மூடிய பெண் என்னிடம் வந்து, இதை யார் பார்த்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாளாம்.

அடுத்த பெட்ச்சுக்கு நோயாளிக்கான கேள்வியையும் சம்பவம் எழுதும் விதியையும் அப்படியே கொடுத்திருக்கிறோம். பெயர்ப் பட்டியை மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் அடிக்கச் சொல்லி பீடத்துக்குக் கடிதமும் போயிருக்கிறது. பதில் வரும் வரை, என் பட்டிக்குக் கீழே தமிழிலும் சிங்களத்திலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். வார்டில் இப்போது இன்னும் சிலரும் ஒட்டியிருக்கிறார்கள்.